நடுவில் நின்றவள் அவிழ்த்த கட்டு

போன வாரம் நம் ஓலைப் பெட்டிச் சங்கத்துக்கு வந்திருந்தேன். புதிதாகச் சேர்ந்த நீங்கள் மூன்று பேரும், நான் யாரென்றே தெரியாமல் நாற்காலி போட்டு டீ வாங்கிக் கொடுத்தீர்கள். உங்களில் ஒருத்தி ஓர் ஓலைப் பெட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துக் கைப்பேசியில் படம் எடுத்துப் போட்டாள். என் டீ ஆறுவதற்குள் கோயம்புத்தூரில் யாரோ அதை வாங்கிவிட்டார்கள். நான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். நானும் ஒரு காலத்தில் இங்கே வேலை பார்த்தவள்தான் என்றேன். "உங்க காலத்துல எப்படிம்மா வித்தீங்க? ரொம்பக் கஷ்டமா இருந்திருக்கும்ல?" என்று அவள் கேட்டாள். ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு வந்துவிட்டேன்.

வந்தபிறகும் அந்தக் கேள்வி கூடவே வந்தது. கஷ்டம் என்று சொல்ல மனம் வரவில்லை. கஷ்டம் என்றால் பங்குபோட்டுக்கொள்ள நாலு பேர் வருவார்கள். எங்கள் வேலையில் இருந்தது தனிமை. அதைப் பங்குபோட வழியில்லை, பங்கு போட்டால் அது தனிமையும் இல்லை. எப்படிப் பொதிவது, எப்படி விலாசம் எழுதுவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் செய்த ஒரு தப்பையும், அதைத் திருத்தியபிறகு செய்த அதைவிடப் பெரிய தப்பையும் மட்டும் எழுதித் தருகிறேன். படித்துவிட்டுச் சிரிப்பதானால் சிரியுங்கள்.

எழுபதுகளின் கடைசியில் சங்கம் என்றால் தலத்தெருவில் ஒரு வீட்டின் முன்னறை. பின்கட்டில் நான் குடியிருந்தேன். ஒரு தட்டச்சு இயந்திரம், சுவர் முழுக்க மாதிரிப் பெட்டிகள், நான். செயலாளர் பாண்டிச்சேரியில் இருந்தார், மாதம் ஒரு முறை வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, "எல்லாம் நல்லா போகுதுல்ல?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் பஸ் ஏறிவிடுவார். நான் பிரெஞ்சுப் பள்ளியில் ஐந்து வகுப்பு படித்தவள். மீதி பிரெஞ்சை அப்பா விட்டுப்போன அகராதியோடு குடித்தனம் நடத்திக் கற்றுக்கொண்டேன். பக்கத்து ஊரான போலகத்தில் பெட்டி முடைகிற பெண்கள் எனக்குத் 'தபாலக்கா' என்று பெயர் வைத்திருந்தார்கள். சரியான பெயர்தான். என் கையில் ஓலை நிற்காது, கடுதாசிதான் நிற்கும்.

விற்கிற விதம் இதுதான்: பெட்டியைப் படம் எடுத்து, அளவு எழுதி, கடிதத்தோடு வெளிநாட்டுக் கடைகளுக்கு அனுப்புவேன். கடிதம் போகப் பதினைந்து நாள், பதில் வரப் பதினைந்து நாள். நடுவில் அவர்களுக்குப் பிடித்ததா, முகம் சுளித்தார்களா, கடிதம் போய்ச் சேர்ந்ததா என்றுகூடத் தெரியாது. இன்று நீங்கள் ஒரு நொடியில் கேட்டுத் தெரிந்துகொள்வதை நான் ஒரு மாதம் யோசித்து யோசித்துப் பழசாக்கிவிடுவேன்.

எங்களுடைய பெரிய வாடிக்கை பிரான்ஸில் கடை வைத்திருந்த ஓர் அம்மாள். என் தம்பி வழியாக வந்தவர். தம்பி பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்துக்கொண்டு அங்கே போனவன். அவன் கொண்டுபோன ஒரு பெட்டியை இந்த அம்மாள் எங்கோ பார்த்துவிட்டு எனக்கு எழுதினார். அதற்குப் பிறகு வேடிக்கையைப் பாருங்கள்: அவருடைய கடிதங்கள் கூடக் கூடத் தம்பியுடையவை குறைந்தன. எங்கள் அம்மா இறந்தபிறகு அவனிடமிருந்து வருஷத்துக்கு ஓர் அட்டை என்று ஆகிவிட்டது. தபால்காரர் வாசலில் மணி அடித்தால் நான் முதலில் பார்ப்பது மையின் நிறத்தை. ஊதா என்றால் கடை, நீலம் என்றால் தம்பி. பெரும்பாலும் ஊதாதான்.

அந்த ஊதா மையில்தான் ஒரு நாள் இருநூறு ஐந்தடுக்குப் பெட்டி கேட்டு வந்தது. கிறிஸ்துமஸ் விற்பனைக்கு. நன்றாக இருந்தால் வருஷா வருஷம் வாங்குவதாகவும் எழுதியிருந்தார். போலகத்தில் ஒன்பது பெண்கள் முடைகிறார்கள். ஒன்பது வீட்டு அடுப்பும் அந்த 'நன்றாக இருந்தால்' என்ற இரண்டு வார்த்தையில் மாட்டிக்கொண்டது.

ஐந்தடுக்கு என்றால் ஒன்றுக்குள் ஒன்றாக ஐந்து பெட்டி, ஒவ்வொன்றுக்கும் மூடி. வெளிப்பெட்டியைத் தாய் என்பார்கள். உள்ளே நாலு பிள்ளைகள். கடைக்குட்டிக்குள் ஓர் எலுமிச்சம்பழம் அடங்கும். ஐந்தையும் ஒன்றுக்குள் ஒன்றாக இறக்கி மூடி, மேலே ஓலைக் கீற்றால் குறுக்கும் நெடுக்குமாக ஒரு கட்டுப் போட்டுத்தான் கையை விட்டு அனுப்புவார்கள். இருநூறையும் கொண்டுவந்து இறக்கிய அன்று, அந்தப் பெண்களில் மூத்தவளான சவரியம்மா என்னிடம் சொன்னாள்:

"தபாலக்கா, ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. கட்ட அவுத்துராத. வாங்குறவதான் அவுக்கணும். நடுவுல நிக்கிறவ அவுக்கக் கூடாது."

சவரியம்மா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். ஆனாலும் என்னை அக்கா என்பாள், அடுத்த மூச்சில் நீ என்பாள். நான் தலையாட்டினேன். ஏதோ சாஸ்திரம் சொல்கிறாள் என்று நினைத்தேன். படித்தவள் இல்லையா நான்! ஐந்து வகுப்பு!

புரட்டாசி மழை இரண்டு நாள் விடாமல் பிடித்தது. அறை முழுக்க ஈர வாடை. ஓலையில் பூஞ்சணம் பிடித்தால் கடல் தாண்டிப் போய்ச் சேருவது பெட்டியாக இருக்காது, குப்பையாக இருக்கும். மூன்றாம் நாள் வெயில் அடித்தது. நான் ஒரே ஆளாக இருநூறு கட்டையும் அவிழ்த்து, ஆயிரம் பெட்டியையும் மொட்டைமாடியில் பரப்பினேன். சாயங்காலம் எடுக்கும்போதுதான் புத்தி வேலை செய்தது: எல்லாம் கலந்து கிடந்தால் பார்க்க நன்றாகவா இருக்கிறது? பெரியது எல்லாம் ஒரு குவியல், அடுத்த அளவு ஒரு குவியல் என்று ஐந்து குவியலாக அடுக்கினேன். கடைசியில் இடுப்பில் கை வைத்து நின்று ரசித்தேன். அந்த அழகை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

வெள்ளிக்கிழமை மதியம் சென்னைத் துறைமுகத்துக்கு லாரி. புதன்கிழமை காலை அடுக்கிக் கட்ட உட்கார்ந்தேன். ஒரு தாயை எடுத்தேன், இரண்டாம் பெட்டியை உள்ளே இறக்கினேன். இறங்கவில்லை. வேறொன்றை எடுத்தேன். அது கிணற்றில் வாளி மாதிரி கடகடவென்று ஆடியது. மூன்றாவதை அழுத்திப் பார்த்தேன், விளிம்பு விரிந்துவிட்டது. மூடிகளும் அப்படியே. ஒன்று தலையில் உட்காராது, ஒன்று காதுவரை இறங்கும். எல்லாம் ஒரே ஓலை, ஒரே சிவப்புக் கோடு. கண்ணால் பார்த்துப் பிரிக்க வழியில்லை. அன்று முழுக்கச் சோறுகூட வடிக்காமல் உட்கார்ந்து பொருத்தியதில் பதினேழு அடுக்குதான் சேர்ந்தது.

சாயங்காலம் அந்த ஐந்து குவியலுக்கு நடுவே உட்கார்ந்திருந்தபோது என் மனசில் ஓடியதை மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கும் ஒரு நாள் ஓடும். முதலில், இப்படியே மூட்டை கட்டி அனுப்பிவிடலாம், அங்கே போய்த்தானே தெரியும் என்று தோன்றியது. அடுத்தது, ஓலை ஈரத்தில் உப்பிவிட்டது, மழைமேல் பழி என்று செயலாளருக்கு எழுதலாம் என்று. மூன்றாவது, முடைந்தவர்கள் அளவு தப்பிவிட்டார்கள் என்று. மூன்றாவது தோன்றியதும் எனக்கே முகம் சுட்டது. யாரிடமாவது சத்தமாகச் சொல்லியிருந்தால் அந்தக் கணமே 'சீ' என்று சொல்லியிருப்பார்கள். சொல்ல ஆள் இல்லாதபோது, கெட்ட யோசனைக்கும் நல்ல யோசனைக்கும் குரல் ஒன்றாகத்தான் கேட்கிறது. இதை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் போலகம் போனேன். சவரியம்மா வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன தபாலக்கா, விடிஞ்சதும் விடியாததுமா? கப்பலு கவுந்துருச்சா?"

"இன்னும் ஏறவே இல்லை. ஏறாது போலிருக்கு."

அவள் வாளியைக் கீழே வைத்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"கட்ட அவுத்தியா?"

நான் வாளியைப் பார்த்தேன்.

"படிச்சுப் படிச்சு சொன்னேனே! அவுத்ததுதான் அவுத்த, அடுக்கடுக்காவாச்சும் வச்சியா?"

"அளவு பார்த்துப் பிரிச்சு வச்சேன். பெரிசெல்லாம் ஒண்ணா, சின்னதெல்லாம் ஒண்ணா…"

"அடி பாவி! ஒன்பது பேரு புள்ளையளயும் ஒரே கொளத்துல குளிப்பாட்டிப்புட்டு, எது யாரு புள்ளைன்னு கேட்டு வந்திருக்கியா?"

"எல்லாம் ஒரே அளவுதானே? ஒரு சாண்னுதானே எழுதிக் கொடுத்தேன்?"

"சாணுன்னா யாரு சாணு? எங்க, கையக் காட்டு."

ஈரக் கையை என் உள்ளங்கையோடு ஒட்டி வைத்தாள். அவள் விரல்கள் என்னுடையதைத் தாண்டி ஒரு நகத்தளவு நீண்டு நின்றன.

"இந்தா, இது என் சாணு. இது உன் சாணு. ஒன் தாய்க்குள்ள என் புள்ள எறங்குமா? ஒருத்தி முடைஞ்சது ஒருத்திக்குள்ளதான் அடங்கும். அதுக்குத்தான் கட்டு. கட்டு என்ன அழகுக்கா போடுறோம்?"

முப்பது கடிதத்தில் அளவு எழுதியவள் நான். அந்த அளவு எந்தக் கையுடையது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. திட்டித் தீர்த்தபிறகு சவரியம்மா முந்தானையை உதறிச் செருகினாள். "சரி, அழுவாத. ஆனைக்கும் அடி சறுக்கும், பூனை நீ சறுக்குனா என்ன! வா, ஆளக் கூப்புடுவோம்."

ஏழு பெண்கள் பஸ் ஏறி என்னோடு வந்தார்கள். சவரியம்மாவோடு எட்டு. தலத்தெரு அறையில் அன்றைக்கு இருந்த சத்தத்தை அந்த வீடு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. அவர்கள் பெட்டியைப் பார்க்கவேயில்லை. கையில் எடுத்துக் கட்டைவிரலால் விளிம்பை ஒரு சுற்றுச் சுற்றுவார்கள், மடியில் போடுவார்கள் அல்லது அடுத்தவள் மடியில் எறிவார்கள்.

"இந்தா, இது ஒன்னோடது. வெளிம்பு முடிக்கிறப்ப ஒறங்கிட்ட போல."

"போடி, அது உன்னுது. என்னுது இப்புடிக் கோணாது, உன் வாய் மாதிரி."

"மாமியாரு மேல கோவத்துல முடைஞ்சது இது. தொட்டுப் பாரு, எப்புடி இறுக்கிருக்கான்னு!"

எனக்கு ஒரு வேலையும் இல்லை. டீ போட்டுக் கொடுத்தேன். வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் ஒருத்திக்கொருத்தி கையையே முகமாகத் தெரிந்து வைத்திருந்தார்கள். என் கையை அடையாளம் கண்டு இது இன்னாருடையது என்று சொல்ல அந்த ஊரில் ஓர் ஆள் இல்லை என்று அப்போது தோன்றியது. தட்டச்சில் எல்லாக் கையும் ஒன்றுதான்.

மதியம் தாண்டியதும் எட்டு பேருடைய அடுக்குகளும் கட்டுப் போட்டு நின்றன. மிச்சமிருந்தவை இரண்டு சாக்கு. யாருடையவை என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. வராத ஒன்பதாமவள் பாத்துமுத்து.

பாத்துமுத்துவுக்கு இருபத்தெட்டு வயது. புருஷன் துபாயில் வேலைக்குப் போனவர். ஆவணியில் தந்தி வந்தது. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். முகம் பார்க்கவில்லை. அவள் இத்தா என்கிற துக்கக் காலத்தில் இருந்தாள். நாலு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது. தந்தி வந்தபிறகும் அவள் பெட்டி முடைவதை நிறுத்தவில்லை. ஒரு பையில் போட்டு வாசலில் வைப்பாள், சவரியம்மா எடுத்து வருவாள்.

சாக்குகளை ஒரு குதிரை வண்டியில் ஏற்றிக்கொண்டு நான் போனேன். வெள்ளைச் சேலையில் உள்ளறையில் உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் பாதி சாத்தியிருந்தது. விஷயத்தைச் சொன்னேன். அவள் திட்டவில்லை. "ஏங்க்கா பிரிச்சீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"தெரியாமச் செஞ்சுட்டேன் பாத்துமுத்து."

"தெரியாமத்தானே எல்லாம் பிரியுது" என்றாள்.

சாக்கை அவள் பக்கம் சாய்த்தேன். எல்லாம் அவள் கை, அவள் சாண். சட்டென்று முடிந்துவிடும் என்று நினைத்தேன். அவளோ ஒவ்வொன்றாக எடுத்து, விரலால் அழுத்தி, இரண்டு குவியலாகப் போட்டாள். எனக்கு விளங்கவில்லை.

"இது அவுஹ இருந்தப்ப முடைஞ்சது" என்று வலது குவியலைக் காட்டினாள். "இது தந்திக்குப் பெறவு. ஓலையப் போட்டு இறுக்கிருக்கேன். கொஞ்சம் சின்னதாப் போச்சு. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சேராதுக்கா."

இரண்டு குவியலையும் தனித்தனியாக அடுக்கினோம். அவள் இறக்க இறக்க நான் மூடியை எடுத்துக் கொடுத்தேன். வெளிச்சம் மங்கிவிட்டது. கடைசிக் கட்டைப் போடும்போது கேட்டாள்: "அங்க போயும் சேந்தே இருக்குமாக்கா?"

"சேர்ந்துதான் இருக்கும்" என்றேன். வேறென்ன சொல்வேன்?

வெள்ளிக்கிழமை மதியம் இருநூறும் லாரி ஏறின. கதை இங்கே முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். தப்பு செய்தேன், ஒப்புக்கொண்டேன், ஒன்பது பேர் கூடித் திருத்தினோம், நன்றி வணக்கம்.

டிசம்பர் முதல் வாரம் ஊதா மை வந்தது. கடைக்காரம்மாளுக்கு ஒரே சந்தோஷம். கட்டுகளை அவிழ்த்துப் பெட்டிகளை ஒவ்வொன்றாக அலமாரியில் வைத்தாராம். பெரியவை ஒரே வாரத்தில் விற்றுப்போயினவாம், சின்னவற்றைக் கேட்பாரில்லையாம். அதனால் அடுத்த முறை பெரிய பெட்டி மட்டும் முந்நூறு வேண்டும். வருஷம் பிறந்த முதல் வாரத்துக்குள் சம்மதம் வராவிட்டால், வேறொரு நாட்டிலிருந்து வந்திருக்கும் மாதிரியை எடுத்துக்கொள்வார்.

இரண்டு முறை படித்தேன். அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு மூன்றாம் முறை படித்தேன், ஏதாவது வார்த்தைக்கு வேறு அர்த்தம் இருக்காதா என்று. இல்லை. நாங்கள் எட்டும் ஒன்பதுமாக உட்கார்ந்து சேர்த்ததெல்லாம் ஒரே நாளில் பிரிந்து, தாய் ஒரு வீட்டுக்கும் பிள்ளை ஒரு வீட்டுக்கும் போய்விட்டன.

அந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டவில்லை. இதுதான் என் இரண்டாவது தப்பு. முதல் தப்பைக் கூசாமல் ஒப்புக்கொண்டவள் இதில் எப்படி விழுந்தேன் என்று கேட்பீர்கள். முதல் தப்பு என்னுடையது. அதை ஒப்புக்கொள்ள வெட்கம்தான் தடை. இது அடுத்தவர் மனசு நோகும் விஷயம் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். இரக்கம் என்று பேர் வைத்துக்கொண்டால் எதையும் மூடி வைக்கலாம், பாருங்கள்.

சவரியம்மா கேட்டாள். "நல்லபடியா வந்து சேர்ந்துச்சாம்" என்றேன். "அடுத்தது?" என்றாள். "எழுதுவாங்க" என்றேன்.

பாத்துமுத்துவிடம் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவே பஸ் ஏறிப் போனேன். வேர்வையில் மூக்குக் கண்ணாடி மங்கியிருந்தது. கழற்றித் துடைத்துக்கொண்டே, "எல்லாம் சேர்ந்தேதான் இருக்காம்" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தேன்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். நான் கெட்டிக்காரி இல்லை, அதனால்தானோ என்னவோ ஐந்து வாரம் ஓட்டினேன். அந்த ஐந்து வாரத்தில் கடைக்காரம்மாளுக்கு மூன்று பதில் எழுதினேன். ஒன்றில் சம்மதம். ஒன்றில் பிரித்து விற்பதானால் அனுப்ப மாட்டோம் என்று வீராப்பு. மூன்றாவது வெறும் கிறிஸ்துமஸ் வாழ்த்து. மூன்றையும் தபாலில் போடவில்லை. சம்மதம் சொன்னால் பாத்துமுத்துவுக்குத் துரோகம், மறுத்தால் ஒன்பது அடுப்புக்குத் துரோகம் என்று இரண்டு பக்கமும் நானே வாதாடி நானே தீர்ப்பு ஒத்திவைத்தேன். கிறிஸ்துமஸ் அன்று மாதா கோயிலுக்குப் போய்வந்து ஒரு பிடி சோறு வடித்துச் சாப்பிட்டேன். தம்பியின் அட்டை வந்திருந்தது. நீல மையில் நாலு வரி. நாங்கள் நலம், நீ நலமா. அதற்கும் பதில் எழுதவில்லை. அலமாரியில் மாதிரிக்கு வைத்திருந்த ஓர் ஐந்தடுக்கைத் திறந்து, ஐந்தையும் மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். பிறகு மறுபடியும் உள்ளே இறக்கினேன். இன்று யோசித்தால் நான் யாருக்காக அந்தக் கடிதத்தை மூடி வைத்தேன் என்பது சந்தேகமாகத்தான் இருக்கிறது.

வருஷம் பிறந்து முதல் வாரமும் கடந்தது. அதற்கடுத்த வாரம் பாத்துமுத்துவின் இத்தா முடிந்தது. ஒரு நாள் காலையில் சவரியம்மா அவளையும் கூட்டிக்கொண்டு தலத்தெருவுக்கு வந்து நின்றாள்.

"குருத்தோலை வெட்டுற ஆளு நாளைக்கி வாறான். எம்புட்டு வெட்டச் சொல்றது? வெள்ளக்காரி என்னதான் எழுதுனா? நீ முழுங்குறத பாத்தா எனக்கு நல்லாப் படல."

மேசை டிராயரைத் திறந்து கடிதத்தை எடுத்தேன். ஒரு வரி விடாமல் தமிழில் சொன்னேன். பாத்துமுத்துவின் பக்கம் பார்க்காமல் சொன்னேன்.

சவரியம்மா கையைத் தட்டிச் சிரித்தாள். "பெரிசு மட்டும் போதுமாமா? அஞ்சு மூடி முடையுற எடத்துல ஒண்ணாச்சு! அட, இதுக்கா பேய் புடிச்சவ மாதிரி இருந்த?"

"பிரிச்சுட்டாங்களே சவரியம்மா…"

"வாங்குனவ அவுத்தா. அவுக்கத்தானே கட்டுறோம்! என் வீட்ல மூணு புள்ள, ஒண்ணு நாகூர்ல, ஒண்ணு வரிச்சிக்குடில, ஒண்ணு எங்கன்னே தெரியல. அதுக்காவ நான் முடையாம இருக்கனா?" சட்டென்று சிரிப்பு நின்றது. "எப்ப வந்துச்சு இந்தக் கடுதாசி?"

சொன்னேன்.

"எப்பக்குள்ள பதிலு கேட்டா?"

அதையும் சொன்னேன்.

சவரியம்மா பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்று ஒரு முறைதான். "இது எங்களுக்கு வந்த கடுதாசி" என்றாள் கடைசியில். "உன் பேரப் போட்டுருந்தாலும் எங்களுக்கு வந்தது. அன்னைக்கி அவுக்கக் கூடாதத அவுத்த. இன்னைக்கி அவுக்க வேண்டியதக் கட்டி வச்சிருக்க. நடுவுல நிக்கிறவளுக்கு இது ரெண்டும் ஆகாது தங்கச்சி."

அவள் என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டதும் அன்று ஒரு முறைதான்.

உடனே சம்மதம் என்று தந்தி கொடுக்கப் போனேன். பதில் வந்தது: பாதியை வேறு நாட்டுக்குக் கொடுத்தாயிற்று, நூற்றைம்பது மட்டும் அனுப்புங்கள். மற்ற நூற்றைம்பதும் என் மேசை டிராயருக்குள் கெட்டுப்போனவை. அந்தக் கோடையில் யார் யார் வீட்டில் எதைக் குறைத்தார்கள் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கத் துணியவில்லை.

உங்களுக்குச் சொல்ல வந்தது இதுதான். உங்கள் கையில் இருக்கிற கருவி நொடியில் பேசும். ஆனால் வாங்குகிறவர் சொல்வதும் முடைகிறவர் சொல்வதும் இன்னும் உங்கள் ஒருவர் காதில்தான் முதலில் விழுகிறது. ஒரு வாடிக்கையாளர் ஒரு வரி குறை எழுதினால், 'பாவம், முடைஞ்ச அந்த அம்மா வருத்தப்படும்' என்று நீங்கள் அழித்துவிடுவதைப் போன வாரம் பார்த்தேன். நல்ல மனசுதான். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அந்த வரியை முடைந்தவரிடமே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். திட்டினாலும், உங்களோடு நாலு பேர் இருப்பார்கள்.

சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. தந்தி கொடுத்துவிட்டுத் திரும்பியபோது சவரியம்மா குருத்துக்காரனைப் பார்க்கக் கிளம்பியிருந்தாள். பாத்துமுத்து மட்டும் அறையில் இருந்தாள். நாலு மாதத்துக்குப் பிறகு வெளியே வந்தவள், சுவரிலிருந்த மாதிரிப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னை மன்னிச்சுரு பாத்துமுத்து. உன்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

"தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"அன்னைக்கே தெரியும். கண்ணாடியத் தொடைச்சுக்கிட்டே சொன்னீங்க. நெசம் சொல்றப்ப நீங்க மூஞ்சியப் பாத்துச் சொல்லுவீங்க."

"தெரிஞ்சும் ஏன் கேட்டுக்கிட்டே?"

கையிலிருந்த பெட்டியின் மூடியை அவள் மெல்லத் திருகி மூடினாள்.

"அந்தப் பொய்யச் சொல்ல பஸ் ஏறி வந்தீங்களேக்கா" என்றாள். "அந்த மாசம் என்னயப் பாக்கன்னு என் வாசலுக்கு வந்தது நீங்க ஒருத்திதான்."